அம்மாவின் அறை, அப்பாவின் அறை

திங்கள் மாலை ஐந்தே கால். நாங்கள் குடியேறிய வட ஐரோப்பிய ஊரில், வாக்குச்சாவடியான ரொம்சோஸ் பள்ளியில், என் மகளின் முதல் வாக்குச்சீட்டில் அலுவலர் முத்திரை குத்தினார். "அம்மா, இனி நீங்கள் வாங்கோ," என்றாள் அவள், தன் யாழ்ப்பாணத்து அப்பாவின் தமிழில். முத்திரைச் சத்தம் என்னைப் பிஜித் தீவில் நான் படித்த பள்ளிக்குக் கொண்டுபோனது.

அங்கே அப்போது நாடாளுமன்றத் தொகுதிகள் இனவாரியாக ஒதுக்கப்பட்டிருந்தன. தமிழரான அப்பா இந்தியர் தொகுதிக்கு அந்தப் பள்ளியின் இடது அறையில் வாக்களிப்பார். பிஜியப் பூர்வகுடியான அம்மாவுக்கு வலது அறை. தமிழை அவள் கல்யாணத்துக்குப் பிறகு கற்றிருந்தாள்.

"எங்க ஆளுக்கு ஒரு ஓட்டுப் போடேன்," என்று ஒரு தேர்தல் நாளில் அம்மாவைச் சீண்டினார் அப்பா.

"என் சீட்டுல அவர் பேரே இல்லையே! அடுத்த தடவை எங்க இனத்துல பிறக்கச் சொல்லுங்க."

எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவோடு வலது அறைக்கு நடந்தேன். வாசலில் நின்ற அலுவலர், "அப்பாவின் வாக்காளர் பட்டியல்தான் பிள்ளைக்கும். அங்கே போய்ப் பழகு," என்று விளையாட்டாகச் சொன்னார். நான் அம்மாவை விட்டு அப்பாவிடம் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வரிசையில் நகராமல் நின்றாள்.

அந்தத் தொகுதிகள் இப்போது இல்லை. மறுநாள் செவ்வாய் காலை எட்டு மணிக்கு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்; பிஜியில் மாலை ஆறு.

"அன்னைக்கு நான் உன்கூட வந்திருக்கணும்மா."

"வந்திருந்தாலும் பட்டியல் மாறியிருக்காதே."

"தெரியும். ஆனாலும் வந்திருக்கணும்."

"அன்னைக்கு வரிசையில என் பின்னால நின்னவங்க, 'ஓடிப் போறாளே, அது உன் பொண்ணு இல்லையா?'ன்னு கேட்டாங்க," என்றாள். "என் பொண்ணுதான்னு சொன்னேன்."