துறைமுகத்தில் உடைந்த தேயிலைப் பெட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் ஹட்டனில் ஒரு கல்லூரியில் வர்த்தகம் படித்தேன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அப்படியொரு வகுப்புக்குப் போன முதல் பெண் நான்தான். ஓர் ஊரின் சரக்கு கடல் தாண்டி இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும் விதத்தைச் சொல்லும் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரயில் கட்டணம், கிட்டங்கி, காப்புறுதி, கப்பல் என்று மாஸ்டர் கரும்பலகையில் எழுதுவார். எனக்கோ, தேயிலை பதப்படுத்தும் தோட்டத்து ஸ்டோரில் அப்பா ஆணி அடித்து மூடுகிற தேயிலைப் பெட்டிகளே கண்முன் வரும்.

ஒருநாள் மாஸ்டர் எங்களைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பினால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். கடைசியில் அப்பாதான் பேசினார்.

"படிக்க அனுப்பிட்டு, பாக்க அனுப்ப மாட்டேன்னா எப்புடி?"

மலைக் குளிருக்குப் போட்டுக்கொண்டுபோன கம்பளிச் சட்டையைக் கொழும்பு வெயிலில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். புத்தகத்தில் விரலளவு இருந்த கப்பல், எங்கள் ஸ்டோரைவிட உயரமாக நின்றது. பாரந்தூக்கி பெட்டிகளை வலையோடு தூக்கியபோது ஒன்று நழுவி விழுந்து உடைந்தது. சீமெந்துத் தரையெல்லாம் தேயிலை. அந்த உப்புக்காற்றிலும் ஸ்டோர் வாசலில் நிற்பதுபோல வாசம் வந்தது. இந்த நட்டத்தைக் காப்புறுதி ஈடுசெய்யும் என்று மாஸ்டர் விளக்க, எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுத ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கொட்டுனத யாரு கூட்டுனா?"

"ஒரு அம்மா தொடப்பத்தோட வந்தாங்க."

"அள்ளி வச்சுக்கிட்டாளா?"

"தெரியலம்மா. அதுக்குள்ள எங்களக் கூப்புட்டுட்டாங்க."

தோட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது கழிவுத் தூள்தான். நல்ல தேயிலை முழுவதும் பெட்டியில் போய்விடும். "வச்சிருந்தா நல்லாருக்கும். நம்மளாட்டம் ஒருத்தி ஒரு நாளாவது நல்ல தேத்தண்ணி குடிச்சிருப்பா," என்று சொல்லி அம்மா சிரித்தாள். என் மேலிருந்த கோபம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் வந்து கேட்டபோது, தானே போய்ப் பார்த்தவள்போல அவளே அந்தக் கதையைச் சொன்னாள்.

சோதனையில் தேறினேன். கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்தது. வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்கு இருவரும் வந்தார்கள். அப்பா பெட்டியை ஏற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மா ரயிலுக்குள் ஏறி, என் எதிரில் இருந்த சிங்களப் பெண்மணியிடம், தனக்குத் தெரிந்த கொஞ்சம் சிங்களத்தில் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்தம்மா நகர்ந்து, ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.