தொட்டு எண்ணவும்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். பத்தொன்பது வருஷம் கல்குவாரியில் வெடி வைத்தவனுக்குப் பயப்பட வேறு விஷயங்கள் உண்டு. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. கூட வந்த மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

மாதத்தில் கிடைக்கிற ஒரே முழு லீவு. காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தேன். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, போனை முகத்துக்கு நேரே நீட்டினான். "மாமா, சின்னப் பசங்களே ஏறுற மலையாம். மூணே மணி நேரம். குடும்பத்தோட போகலாம்னு போட்டிருக்கான்."

போட்டவன் ஏறியிருக்க மாட்டான். ஒன்பதே முக்காலுக்கு ஏற ஆரம்பித்தோம். பத்தரைக்கு எல்லாருடைய பையும் என் தோளிலும் கையிலும். லீவு நாளிலும் மூட்டை தூக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. மச்சான் சிக்னல் தேடினான். மனைவி பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். ஒன்பது வயது மகள் வழியெல்லாம் கல் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டாள். அவள் நடந்தால் கலகலவென்று சத்தம். வீட்டில் ஒருத்தன் கல்லோடு மாரடிப்பது போதாதா?

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தகரப் பலகை இருந்தது. 'ஆளைத் தொட்டு எண்ணவும்.' வேறு ஒன்றும் இல்லை.

"நாம என்ன ஆடு மாடா?" என்றான் மச்சான். நானும் சிரித்தேன்.

பதினொன்று பத்துக்கு மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. திரும்பினோம். முன்னால் நான், பிறகு மனைவி, மச்சான். வழக்கம்போல் கடைசியில் மகள்.

"பாப்பா கையைப் புடிச்சுக்கோங்க" என்றாள் மனைவி.

"ரெண்டு கையிலயும் உன் மூட்டைதான் இருக்கு!" கத்தினேன். "ஆளுக்கொரு நம்பர் சொல்லிட்டே வாங்க, போதும்."

குவாரிப் பழக்கம். வெடிக்கு முன் வரிசையாக நம்பர் சொல்வோம். கடைசி நம்பர் வந்துவிட்டால் எல்லாரும் வெளியே வந்தாயிற்று. அதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. மதியம் ஆள் கணக்குக்கு எண்ணும்போது எவனாவது நிழலில் அசந்து கிடந்தால், பக்கத்துக்காரன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். 'நீ படு, நான் சொல்லிக்கிறேன்.' நானும் கொடுத்திருக்கிறேன். வெடிக்கு முன்னால் மட்டும் கூடாது.

"ஒண்ணு."

"ரெண்டு." மனைவி.

"மூணு." மச்சான், கடுப்பாக.

"நாலு…" மகள்.

இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணினோம். பதினொன்று இருபத்தாறுக்குத்தான் கவனித்தேன். கல் சத்தம் கேட்கவில்லை.

"கல்லைக் கொட்டிட்டியா பாப்பா?"

பதில் இல்லை.

"ஒண்ணு!"

"ரெண்டு." "மூணு." "நாலு."

அப்பாடா. நடந்தேன். ஆனால் எல்லாருக்கும் மூச்சு வாங்குகிறது… அந்தக் குரலுக்கு மட்டும் வாங்கவில்லை.

பதினொன்று நாற்பது. மச்சான் 'மூணு' என்று முடிப்பதற்குள் "நாலு" வந்தது. அவசரமாக. கூடவே எனக்குப் பழகிய ஒரு வாசனை வந்தது. வெடிமருந்து.

பலகை ஞாபகம் வந்தது.

"நில்லுங்க."

மூட்டைகளைப் போட்டுவிட்டுத் தடவினேன். மனைவியின் தோள். மச்சானின் கை. அதற்குப் பின்னால்…

வெறும் பனி.

"பாப்பா!"

"நாலு."

என் காதோரம். என் உயரத்தில்.

ஓடினேன். மேலே… மேலே…

பன்னிரண்டு ஐந்துக்கு அவள் கிடைத்தாள். ஒரு வளைவில், பாறை ஓரமாக, ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கக் கை ஓங்கினேன். முடியவில்லை. தூக்கிக்கொண்டேன். மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மனைவி அவளைக் காரில் உட்காரவைத்தாள். நான் மட்டும் போய், அடிவாரத்தில் நின்ற பாதைக் காவலரைப் பிடித்தேன். "அது என்னய்யா பலகை?"

"அந்தப் பாதை போட்டப்ப வெடி வெச்சாங்க. அன்னிக்கும் பனி. ஏழு பேர். ஏழு நம்பரும் கேட்டுச்சு. வெடிச்சப்புறம் பார்த்தா ஆறு பேர்தான். ஒருத்தன் பாறை மறைவுல தூங்கியிருக்கான்."

"அவன் நம்பரைச் சொன்னது?"

"கூட்டாளிதான். அவனும் அதுக்கப்புறம் மலைய விட்டு இறங்கவே இல்ல."

காரில் வந்து உட்கார்ந்தேன். காவலர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. சாவி உள்ளே போக மறுத்தது.

பின் சீட்டிலிருந்து மகள் சொன்னாள்.

"அப்பா, நீங்க எண்ணினது எனக்குக் கேட்டுச்சு. நாலு சொல்லத்தான் எழுந்தேன். அவர்தான் வேணாம்னாரு."

"எவர்?"

"தெரியல. தூசியா இருந்தாரு. கால் வலிக்குதான்னு கேட்டாரு. அப்புறம்… 'நீ உக்காரும்மா, நான் சொல்லிக்கிறேன்'னாரு."