அரைக் கட்டை கீழே

பதினொரு வருடம் அவளுக்குக் கீபோர்ட் வாசித்தவன் நான். கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண வரவேற்பு என்றால் அவள்தான் பாட வேண்டும். மண்டபம் பிடிக்க முன்னமே அவளிடம் திகதி கேட்ட வீடுகள் உண்டு. அவள் குரலெடுத்தால் மாப்பிள்ளையின் பெரியப்பாமார்கூடச் சாப்பாட்டுத் தட்டோடு மேடைக்குக் கிட்ட வந்து நிற்பார்கள்.

பிறகு அவள், கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால், யுத்தகாலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களோடு நிற்கும் அம்மாமாரிடம் போய்ப் பாடினாள். ஒருநாளோடு விட்டிருந்தால் சனம் மறந்திருக்கும். பிடிவாதக்காரி, ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். அவள் பாடும் வீடியோ வெள்ளவத்தை முழுக்கச் சுற்றியது.

"அவ வேண்டாம் ஐயா," என்றார் மண்டப மனேஜர் போனில். "நீங்கள் வாங்கோ. புதுப் பிள்ளை ஒண்டு இருக்கு. எங்களுக்கு ஏன் வீண் பிரச்சினை?"

ஓம் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றுவரை என் பிள்ளைகளின் படிப்பைச் சாட்டி வருகிறேன்.

அன்று பின்னேரமே அவள் எனக்குப் போன் எடுத்தாள். ஏசப்போகிறாள் என்று பயந்துகொண்டுதான் காதில் வைத்தேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளைக்கு என்ர சுருதியிலை வாசிச்சுப் போடாதேங்கோ. அரைக் கட்டை குறையுங்கோ. மேலை போகேக்கை தொண்டை உடைஞ்சிடும், பாவம்."

போனை வைக்க முன்னம் இன்னொன்றும் சொன்னாள்.

"சனிக்கிழமை ஒருக்கா அம்மாமாரிட்டை வாங்கோவன். வெறுங்குரலிலைதான் பாடுறன்."

"பாப்பம் தங்கச்சி."

இரண்டு வருடமாகிறது. நான் போகவில்லை.

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு வரவேற்பு. போகிற வழியில் பஸ் கோட்டைச் சிக்னலில் நின்றது. வரிசையாக அம்மாமார் நின்ற இடத்தில் நாலு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் செத்துப்போனார்களோ, ஏலாமல் படுத்துவிட்டார்களோ தெரியாது. ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை. இனி வரப்போவதுமில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பாடிக்கொண்டிருந்தாள்.

வெயிலும் வாகன இரைச்சலும் குரலைத் தின்றுவிட்டன. எடுத்த சுருதியில் நிற்க முடியாமல் அரைக் கட்டை கீழே இறங்கிவிட்டாள். மேலே ஏறும் இடம் வந்தது, தடுமாறினாள். பக்கத்தில் ஒருவன் சுருதியைப் பிடித்துக் கொடுத்திருந்தால் ஏறியிருப்பாள்.

அப்போதுதான் ஜன்னலில் என்னைக் கண்டாள். பாட்டை நிறுத்தவில்லை.

பச்சை விழ நேரம் எடுத்தது. இறங்கியிருக்கலாம். கீபோர்ட் என் மடியில்தான் இருந்தது.