அண்ணி நின்ற வரிசை

கண்டியின் அந்தப் பெரிய கடையில் அண்ணி முதன்முதலாக ட்ரொலியைத் தொட்ட நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைப்பிடியை விரல்களால் சுற்றிப் பிடிக்க அவரால் முடியாது. முடக்குவாதம் அவருடைய விரல்களை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டிருந்தது. ஆகவே இரண்டு முன்கைகளையும் கைப்பிடியின்மேல் கிடத்தி, உடம்பின் பாரத்தை மெல்ல அதில் இறக்கி, ஓர் அடி வைத்தார். வண்டி நகர்ந்தது, அவரும் கூடவே நகர்ந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்க எல்லாருமே எதையாவது புடிச்சிக்கிட்டுத்தானே நடக்கிறாங்க" என்றார். மாதாமாதம் கிளினிக்கில் டொக்டர் எவ்வளவு சொல்லியும் கைத்தடி வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்த மனுஷி அவர். இப்போது யாரும் கைத்தடி என்று சொல்லாத ஒரு கைத்தடி கிடைத்ததில் அவருக்குக் கொண்டாட்டம்.

அண்ணி மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். வந்த முதல் நத்தாரிலேயே கிறிஸ்மஸ் கேக் வேலையை அம்மாவிடமிருந்து பறித்துக்கொண்டார். அம்மாவுக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். நோய் வந்தபின் முந்திரிக் கஜு வெட்டுவதும் மாவு கிண்டுவதும் எங்கள் கைக்கு வந்தன. சாமான் வாங்குவது அண்ணனிடம் போயிற்று. என் அண்ணன் தங்கமான மனிதர், ஆனால் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறவர். ஒரு வருடம் அவர் கொண்டுவந்த, கேக்கில் போடச் சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசியை உடைக்க அம்மிக்குழவி எடுக்கவேண்டியிருந்தது. "நீங்க உக்காருங்க, நாங்க பாக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் ஒவ்வொரு வேலையாக நாங்கள் அண்ணியிடமிருந்து வாங்கிவிட்டோம். நோய் முடக்கியது பாதி என்றால் எங்கள் அன்பு முடக்கியது மீதி. அடுத்த வருடம் மார்கழி பிறந்ததும், கேக் சாமான் முழுவதையும் தானே போய் வாங்கப்போவதாக அறிவித்தார். என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கடை வாசல்வரை நான் அவருடைய நாத்தனார். உள்ளே போனால் யாரோ.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. வெளியாட்கள் தன் கைகளைப் பார்ப்பதை அண்ணியால் தாங்கமுடியாது. பஸ்ஸில் ஏறினால் முந்தானையை இழுத்துக் கைகளை மூடிக்கொள்வார். மாதா கோவிலில் எல்லோரும் நற்கருணையைக் கையில் வாங்கும்போது இவர் மட்டும் நாவில்தான் வாங்குவார். அதைப் பழைய காலத்துப் பக்தி என்று சாமியார் மெச்சியிருக்கிறார். கையை நீட்ட வெட்கம் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் போன ஒவ்வொரு தடவையும் கடையிலும் ட்ரொலிக் கைப்பிடிக்குமேல் முந்தானை விரிந்துதான் கிடக்கும். முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் என்று படம் போட்ட தனி வரிசை ஒன்று அங்கே உண்டு. அந்தப் பக்கம் கண் காட்டினாலே போதும், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல முறைப்பார். இரக்கப்பட்டு ஒருவர் வழிவிடுவதைவிடக் கால் கடுக்க நிற்பது மேல் என்பது அவருடைய கட்சி.

நத்தார் நெருங்கிய சனிக்கிழமை, கடையில் எள் விழ இடமில்லை. நான் சொல்லப்பட்டபடி யாரோவாகப் பின்னால் நடந்தேன். அண்ணி தோசிப் பொதிகளை விரல் மொளியால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிளம்ஸை மோந்து பார்த்து வேண்டாம் என்று வைத்தார். மேல்தட்டில் இருந்த ரவைப் பொதியை எடுத்துத்தரும்படி ஒரு நெட்டை மனிதரிடம் சொன்ன தோரணையில், அந்த ஆள் அவசரமாக இரண்டு பொதிகளை இறக்கிக் கொடுத்தார். தோட்டத்து வீட்டில் தம்பிமாரை வேலைவாங்கியதாக அவரே கதைகதையாகச் சொல்லியிருந்த பழைய அண்ணியைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பொது வரிசை அசையவேயில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணியின் ட்ரொலி லேசாகக் கடகடவென்று ஆடத் தொடங்கியது. அவர் கால் நடுங்குகிறது என்று புரிந்துகொண்டு நெருங்கினேன். கண்ணாலேயே என்னைத் தடுத்தார். அப்போதுதான் தலையில் முக்காடு போட்ட ஓர் இளம்பெண், கையில் சின்னக் கூடையோடு தனி வரிசையில் போய் நின்றாள். பார்த்தால் நல்ல சுகமான பிள்ளைதான். அண்ணிக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. இந்த வயதில் என்ன வருத்தம், என்ன நோய், ஒழுங்காக வந்து பின்னால் நிற்கவேண்டியதுதானே என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பின்னால் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அந்தப் பெண் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. முகம் மட்டும் சிவந்துபோயிற்று.

அண்ணி ட்ரொலியைத் திருப்பினார். அவ்வளவு நேரம் நின்று பிடித்த இடத்தை விட்டுவிட்டு, நேரே போய் அந்தப் பெண்ணுக்கும் பெரியவருக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினார். முந்தானையை ஒதுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் பெரியவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வருத்தம் மொகத்துல தெரியாதுங்க ஐயா. இந்தா, என்னோடதப் பாருங்க. இத மறைக்கிறதுக்காகவே இத்தன நாளா ஒங்க லைன்ல நின்னேன். இந்தப் புள்ள தைரியமா வந்து நிக்கிது. அதப் போயி ஏசுறீங்களே."

குரலை உயர்த்தவில்லை. பெரியவர் கைகளைப் பார்த்தார், பிறகு தன் போனைப் பார்க்கத் தொடங்கினார். எனக்கோ, இவர் என் அண்ணி என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லவேண்டும்போல இருந்தது. அவ்வளவு பெருமை. யாரோ வேஷத்தைக் கலைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பெண், ஆன்ட்டி முன்னுக்கு வாங்க என்று இடம் விட்டாள். "இல்ல மகள், நீங்க மொதல்ல போங்க. நா இன்னைக்குத்தான் சேந்தேன்" என்றார் அண்ணி. அவளுக்கு என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை எங்களுக்கு அது தெரியாது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி எங்கிருந்தோ உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணிக்குப் பக்கத்தில் வைத்தார். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அண்ணி கதிரையைப் பார்த்தார், முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணு பத்தாது தம்பி. நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."