ஜி-2, ஏ-1

பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை செக்கப். எனக்கு அப்போது நாலாம் மாதம். வீட்டுக்காரருக்கு ஆலத்தியூரில் ஷிப்டு வேலை என்பதால் துணைக்கு மாமியார் வந்தார். என் அட்டையை என் கையில் தரவே மாட்டார். மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பத்திரம் பதிய வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் அட்டையை எட்டிப் பார்த்தார். அதில் ஜி-1 என்று இருந்தது. என்னுடையதில் ஜி-2, பி-0, எல்-0, ஏ-1. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். அவளைவிட எனக்கு ஒரு நம்பர் கூடுதலாக இருப்பதில் முதலில் பெருமைதான் பட்டார். பெருமையோடு பெருமையாக நர்ஸம்மாவிடம் விவரமும் கேட்டார்.

"ஜி-ன்னா எத்தனை தடவை உண்டானாங்கன்னு. பி பிரசவம், எல் உசிரோட இருக்கற புள்ளைங்க, ஏ கலைஞ்சது."

அத்தை முகம் மாறிவிட்டது. "இவளுக்கு இதுதாங்க தலைச்சன். தப்பா போட்டிருக்கீங்க. அழிச்சிடுங்க."

தப்பெல்லாம் இல்லை. போன வருஷம் மூணாம் மாதத்தில் எனக்கு ஒன்று தங்காமல் போனது. "அதெல்லாம் கணக்குல இல்ல" என்று மறுநாளே அத்தை சொல்லிவிட்டார். ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அழுவதற்குக்கூட வாஷிங் மெஷின் ஓடும் நேரமாகப் பார்த்துக்கொண்டேன். அது வந்து போனதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்த ஏ-1. அதில் கை வைத்தால் அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம் என்று இருந்தேன்.

"ஊர்ல யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார் அத்தை.

"நீங்கதானே அத்த பஸ்ல எல்லாருக்கும் எடுத்துக் காட்டுறீங்க" என்றேன். வரிசை சிரித்தது.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "இது தெரிஞ்சாத்தாம்மா டாக்டர் கவனமா பாப்பாங்க. உங்களுக்கு எத்தனை?"

"ரெண்டு பசங்க."

"வயித்துல வந்தது எத்தனைன்னு கேக்கறேன்."

அத்தை விரலை மடக்க ஆரம்பித்தார். "மொதல்ல ரெண்டு, அம்பது நாள் அறுபது நாள்ல போயிருச்சு. அப்புறம் ஒரு பொண்ணு, எட்டு மாசம். பொறந்து அழவேயில்ல. அதுக்கப்புறந்தான் இவ புருஷன், அவன் தம்பி." ஒரு கை விரல் முழுவதும் மடங்கிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

நர்ஸம்மா மாத்திரைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்: ஜி-5, பி-3, எல்-2, ஏ-2.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேருக்குப் பின்னாடி போட்டுக்கற பட்டம் மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு சீட்டை நீட்டி, "மேல எம் பேரையும் எழுதிடுங்க" என்றார். அதை மடித்து என் அட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, என் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே "தலைச்சன்தானே?" என்றார்.

"ரெண்டாவது" என்றார் அத்தை. "மொத புள்ள தங்கல."

"ரெண்டாவதுக்கு வளைகாப்பு போடுற வழக்கம் உண்டா?"

"எங்க வூட்ல உண்டு."

அத்தனை பேர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வளையல் உரசித்தான் அழுகிறேன் என்று அத்தை வளையல்காரரை ஒரு பிடி பிடித்தார்.