மேல்மாடிக்கு வராத பேரப்பிள்ளைகள்

வீட்டுக்காரர் எங்களைக் கிளப்பப் பார்க்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

அவர் ஒரு ஹாஜியார். மனைவியை இழந்தவர். கட்டுகஸ்தோட்டையில் இருந்த அவருடைய பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். மேல்மாடியில் அவர் தனியாக இருந்தார். எங்கள் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. கையில் எது அகப்பட்டாலும் வாய்க்குத்தான் போகும். ஒரு பள்ளி விடுமுறையில் ஹாஜியார் வீட்டைத் திருத்தத் தொடங்கினார். பெயின்ட் அடிக்கும் பாஸ் ஒருவர் வந்து கதவு, ஜன்னல்களை மெஷினால் தேய்த்தார். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே செங்காவி என்று அடுக்கடுக்காக உரிந்து, மாவு போன்ற தூசு எங்கள் விறாந்தை முழுவதும் படிந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு சிறு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் என்று தெரியும். படியேறிப் போய்க் கேட்டேன்.

"ஹாஜியார், அந்தப் பழைய பெயின்ட்ல ஈயம் இருக்குமோன்னு பயமா இருக்குங்க."

"ஒண்டுமில்ல மகள். நான் வாங்கீக்கிறது ஈயமில்லாத பெயின்ட். டின்லயே போட்டீக்குது."

நான் கேட்டது பழையதைப் பற்றி. அவர் சொன்னது புதியதைப் பற்றி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

"நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுற. மனுசன் சொந்த வீட்டத் திருத்துறாரு" என்றார் கணவர்.

"வேற ஆள் பாத்து வச்சிருப்பாரு. நாமளாவே போகட்டும்னு தூசியக் கெளப்புறாரு" என்றேன்.

அன்றிலிருந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே மாடிக்குக் காது கொடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் ஹாஜியாரின் மகள் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு சாப்பிட வருவார், மாடியே அதிரும். அந்த வெள்ளி சத்தமே இல்லை. அடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

"பேரப்பிள்ளைங்களக் காணோமே?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல சோதனை" என்றார் ஹாஜியார். மூத்ததே இன்னும் நர்சரிக்குப் போகவில்லை.

பாலத்தடி மரக்கறிக் கடையில் அந்த மகளைக் கண்டபோது விடவில்லை. "ராத்தா, ஏன் நீங்க வாறதேயில்ல?"

"வேல முடியும்வரைக்கும் வரமாட்டேன்னு வாப்பாட்ட செல்லிட்டேன். அந்தத் தூசி புள்ளைகளுக்குக் கூடாதாமே. ஒங்களுக்கும் செல்லச் சென்னேனே, அவர் செல்லல்லையா?"

வாங்கிய மரக்கறியைக்கூட எடுக்காமல் திரும்பி, நேரே மாடிக்கு ஏறினேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் மறைச்சீங்க? எங்க புள்ளைன்னா பரவாயில்லையா? போகச் சொல்லியிருந்தா போயிருப்போமே!"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "போயிருவீங்கன்னுதானே மகள் செல்லல்ல. என்ட மகளும் வாறல்ல. நீங்களும் போனா இந்த ஊட்டுல நான் யாரோட பேசுற?"

பாவமாக இருந்தது. ஆனால் கோபம் ஆறவில்லை.

மெஷின் அன்றே நின்றது. மிச்சத்தை பாஸ் கீழே பிளாஸ்டிக் விரித்து, முகமூடி போட்டு, மரத்தை நனைத்து நனைத்துக் கையால் சுரண்டினார். குழந்தையைப் பன்விலவில் அக்கா வீட்டில் விட்டோம். கண்டியில் டாக்டர் குழந்தையின் இரத்தத்தை எடுத்து, சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினார். ஈயம் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. மருந்து வேண்டாம், தூசு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரும்புச்சத்துள்ள சாப்பாடு கொடுங்கள் என்றார் டாக்டர். சில மாதங்களில் அது குறைந்தது.

வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறினோம். புது வீட்டைப் பார்க்கப் போனபோது, பெயின்ட் எவ்வளவு பழையது என்றுதான் முதலில் கேட்டேன்.

"அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் அந்த வீட்டுக்காரர். கொஞ்சம் அவசரமாகச் சொன்னதுபோல எனக்குப் பட்டது.