ஈரம் ஏறாத துணி

பிளம்பருக்குத் தன் வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. எந்த வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்தாலும், தட்டிப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். மகள் பிறந்து, மருந்துக்கடையில் பில் போடும் மனைவி வேலைக்குத் திரும்பியதும், துணி டயப்பர்களைத் துவைக்கும் பொறுப்பையும் அதே கர்வத்தோடுதான் ஏற்றுக்கொண்டான். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, இரண்டு மணி நேரப் பஸ் தூரத்திலிருந்து அவனுடைய அக்கா வந்து தங்கினாள்.

துவைப்பது என்றால் ஏனோதானோ என்று இல்லை. தண்ணீரில் அலசி, ஊறவைத்து, மெஷினில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைப்பான். அது போதாது என்று, துணியை மிருதுவாக்கும், பூ வாசனை அடிக்கும் நீலத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். கடைசி அலசலில் ஒரு மூடி ஊற்றச் சொல்லி லேபிளில் போட்டிருந்தது. நம்மாள் மூன்று மூடி ஊற்றினான். துணி அப்படி வழவழப்பானது. மோந்து மோந்து பார்த்துப் பூரித்துப்போனான்.

மூன்றாவது வாரம் குழந்தையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணானது. தொட்டாலே வீறிட்டு அழுதது.

"அண்ணி, நேரத்துக்கு மாத்துறீங்களா இல்லையா?" என்று அக்காவிடம் கேட்டாள் மனைவி.

"மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பாக்குறேம்மா. வெளியில காஞ்சுதான் இருக்கு. அவுத்தா உள்ள குளமா நிக்குது."

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் ஒரு துணியில் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கெல்லாம் அவனுக்கு எங்கே நேரம்?

"டிவி பாத்துக்கிட்டே தொட்டா அப்படித்தான்க்கா இருக்கும்" என்றான், பெரிய மனுஷன் மாதிரி.

மறுநாளிலிருந்து அக்கா அரை மணிக்கு ஒருமுறை மாற்றினாள். மதியத் தூக்கத்தையும் விட்டாள். புண் ஆறுவதாக இல்லை. சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவன் பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. மனைவி லீவு போட்டாள்.

திங்கட்கிழமை ஒரு வீட்டில் சிங்குக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைக்க, கருவிப் பையில் துடைப்பதற்கென்று வைத்திருந்த நைந்துபோன டயப்பர் ஒன்றை எடுத்தான். துடைக்கத் துடைக்கத் தண்ணீர் இங்கிருந்து அங்கே நகர்ந்ததே தவிர, துணியில் ஏறவில்லை. குழாயிலிருந்து விழுந்த சொட்டுகளும் துணிமேல் உருண்டு ஓடின. மூக்கருகே கொண்டுபோனான். கம்மென்று பூ வாசனை. வழவழப்புக்காக ஊற்றியது இழையெல்லாம் படிந்து, ஈரத்தை உள்ளே விடாமல் தடுத்திருக்கிறது.

அன்றே எல்லா டயப்பர்களையும் சோப்பு போடாமல் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினான். நுரை வருவது நிற்கும்வரை விடவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டினான். மனைவியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதலில் குழந்தை குணமாகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான்.

ஐந்தே நாளில் புண் ஆறியது.

"பாத்தீங்களா? உங்க அக்கா போனதும் சரியாயிடுச்சு" என்றாள் மனைவி. அவளைச் சொல்லி என்ன குற்றம்? கண்ணெதிரே நடந்ததைத்தானே சொல்கிறாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தான். திருட்டுத்தனமாக அவன் சரிசெய்த ஒவ்வொரு துணியும் அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தன்னைப்போல ஒரு கோழை உண்டா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான்.

"புண்ணு ஆறிடுச்சாடா?" கதவைத் திறந்ததும் அக்கா கேட்டது அதைத்தான்.

"ஆறிடுச்சுக்கா."

"அப்பாடா. நான் கிளம்பினதே நல்லதாப் போச்சு. என் கைக்குத்தான் ஈரம் தெரியல போல. வயசாகுதுல்ல? டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டு வந்தேன்."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. நீலத் திரவம், மூன்று மூடி, சிங்க், சுடுதண்ணீர் என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தான். "தப்பெல்லாம் என்னோடதுக்கா. என்னை மன்னிச்சிடு" என்று தேம்பினான்.

அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்புறம் எங்கிட்ட வந்து எதுக்குடா அழுற? நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. கிளம்பு."